பஸ்ஸில் வந்த சாட்சி

2025 நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை, காலை 11.20 மணிக் காட்சி. ஏற்காட்டில் பஸ் ஏறும்போது சாரல். சேலத்தில் இறங்கும்போது சுள்ளென்று வெயில். கையில் குடை, தோளில் ஸ்வெட்டர், இரண்டும் பாரம். தியேட்டரில் எனக்குக் கிடைத்தது எட்டாவது வரிசை, பதினான்காம் இருக்கை. அதன் இடது கைப்பிடி ஆடியது. திரைக்கு முன்னால் இருந்த நான்கு விசிறிகளில் ஒன்று சத்தம் போட்டது. இவற்றை எழுதுவதற்குக் காரணம், படம் தொடங்கி இருபது நிமிடம் ஆவதற்குள் நான் கைப்பிடியையும் விசிறியையும் கவனிக்க ஆரம்பித்துவிட்டேன் என்பதுதான்.

ஓய்வுபெற்ற காவலர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, அந்தப் படத்தைப் பற்றி நம் தொழில் பார்வையில் ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டிருந்தார். படம் எங்கள் மலையில் எடுக்கப்பட்டது. அதனால் மலையே பேசிக்கொண்டிருந்தது. துணைக்கு வந்தவர் பஷீர் பாய். ஏற்காடு பஸ் நிலையத்துக்கு எதிரில் மளிகைக்கடை வைத்திருப்பவர். முப்பத்தொரு வருடப் பழக்கம். டிக்கெட் அவர் எடுத்தது.

கதை இதுதான். மலைச்சாலையில் திருட்டுக் காப்பி ஏற்றி வந்த ஜீப்பைத் தடுத்த ஒரு கான்ஸ்டபிளை ஏற்றிக் கொல்கிறார்கள். அவன் அண்ணன் இன்ஸ்பெக்டர். கொலையைப் பார்த்த ஒரே சாட்சி, ஒரு மலைவாசி, பெட்டி நிறையப் பணம் வாங்கிக்கொண்டு கோர்ட்டில் பல்டி அடிக்கிறான். குற்றவாளிகள் விடுதலை. அண்ணன் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு ஏழு பேரைக் கொல்கிறான். ஏழாவது ஆள் ஏரிக்கு நடுவே, படகில்.

ஓடும் நேரம் இரண்டு மணி முப்பத்துநான்கு நிமிடம். சுடப்பட்ட குண்டுகள் நான் எண்ணியவரை அறுபத்தொன்று. நடுவில் பாய் பாப்கார்னை நீட்டியதால் இரண்டு மூன்று விட்டுப்போயிருக்கலாம். கதாநாயகன் மெதுவாக நடந்து வரும் இடங்கள் பதினேழு. மழை ஒன்பது முறை. ஒரு காவல் நிலையத்தைச் சுற்றி நடக்கும் கதையில், பேனாவின் மூடி ஒருமுறைகூடத் திறக்கப்படவில்லை.

நடிப்பில் குறை சொல்ல மாட்டேன். மூடுபனியை நன்றாகவே படம் பிடித்திருந்தார்கள். ஆனாலும் படம் மனதில் நிற்கவில்லை. பழி வாங்கும் கதைக்கு முதலில் ஓர் அநியாயம் நடந்தாக வேண்டும். அந்த அநியாயம் எப்படி நடந்தது என்று பார்ப்பவனுக்குப் புரிந்தால்தான் அவனுக்கும் ரத்தம் கொதிக்கும். இந்தப் படத்தில் கோர்ட் காட்சி நான்கு நிமிடம். ஒரு வக்கீல் சிரிக்கிறார், சாட்சி தலைகுனிகிறான், நீதிபதி எழுந்து போகிறார். கொலை செய்தவன் ஏன் தப்பித்தான் என்பதற்குப் பெட்டியைத் தவிர வேறு பதில் இல்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் அறுபத்தொரு குண்டுகள் தேவைப்பட்டிருக்கின்றன.

ஐந்தாவதாகச் சாகிறவன் அந்தச் சாட்சி. புதிதாகக் கட்டிய மாடி வீட்டு வாசலில் வைத்து இன்ஸ்பெக்டர் அவனைச் சுடுகிறார். தியேட்டரில் கைதட்டல். எனக்கு முன்னால் இருந்த இரண்டு வரிசைகள் எழுந்தே நின்றன. பாய் என் பக்கம் சாய்ந்து சொன்னார்:

"பாத்தீங்களா ரைட்டரே. அந்தத் தலைச்சோலைக்காரனுக்குச் செரியான கூலி குடுத்துட்டானுங்க."

"படத்துல அவனுக்கு ஊர் பேரே சொல்லலியே பாய்."

"சொல்லோணுமுங்களா? மலைமேல பச்சப்புள்ளைக்கும் தெரியுமே வெள்ளையன்னு."

வெள்ளையன் உயிரோடு இருக்கிறார். வயது அறுபத்தெட்டு. அவர் ஒரு ரூபாய்கூட யாரிடமும் வாங்கவில்லை. இது தெரிந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் வெள்ளையன். இன்னொருவன் நான். படத்தின் ஓட்டைக்கும் நானே காரணம் என்பதால், மீதியை விமர்சனமாக எழுதாமல் வாக்குமூலமாக எழுதுகிறேன்.

நான் காவல்துறையில் முப்பத்தாறு ஆண்டுகள் இருந்தேன். பயிற்சிக்காலம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காலில் ஏழு கொப்புளங்கள், கையெழுத்துக்கு ஒரு பாராட்டு. அந்தக் கையெழுத்தால்தான் துப்பாக்கிப் பக்கம் போகாமல் நிலைய எழுத்தராக, மக்கள் சொல்வதுபோல் ரைட்டராக, பத்தொன்பது ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். புகார் சொல்ல வருகிறவர் அழுதுகொண்டு சொல்வதை, கோர்ட்டுக்குப் புரிகிறபடி வரிசையாக்கி எழுதுவது என் வேலை. எந்த நிலையம் என்று குறிப்பிடப்போவதில்லை. மலைமேல் என்பது போதும்.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அங்கே இன்ஸ்பெக்டராக இருந்தவர் ஞானப்பிரகாசம். எங்களுக்கு அய்யா. சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. சுடுதண்ணீர் மட்டும் குடிப்பார். கான்ஸ்டபிளைப் 'போப்பா, வாப்பா' என்பார். என்னை 'ரைட்டர், வாங்க' என்பார். எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னும், உதடு அசைய, ஒலி வராமல் முழுவதையும் படிப்பார். கையில் சீவிய பென்சில் இருக்கும். சந்தேகம் வரும் வரிக்கு நேராக ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பார். அடிக்கோடு கிடையாது, கேள்விக்குறி கிடையாது. புள்ளி வைத்த காகிதம் திரும்பி வந்தால், அந்த வரியில் என்ன கோளாறு என்று நாமே கண்டுபிடித்துக்கொண்டு போய் நிற்க வேண்டும். ஒரு வருடத்தில் எனக்கு நூற்று நாற்பது புள்ளிகளுக்கு மேல் விழுந்தன. ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் சரிசெய்தேன்.

அந்த நிலையத்தில் செல்வராஜ் என்று ஒரு கான்ஸ்டபிள். வயது இருபத்தேழு. மனைவி சரோஜா, இரண்டு வயதில் ஒரு மகன். குடியிருந்தது காவலர் குடியிருப்பில், எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் எஸ்டேட்டுகளில் மூட்டைகள் காணாமல் போகும். அதற்காக விடியற்காலையில் சாலையில் ஆள் நிறுத்துவோம். டிசம்பர் மாதம் ஒரு வியாழக்கிழமை, தலைச்சோலை சாலையில் நின்றது செல்வராஜ்.

காலை 6.40-க்கு ஒரு ஜீப் வந்தது. செல்வராஜ் கை காட்டினான். ஜீப் நின்றது. அவன் முன்னால் வந்து நின்றதும் ஜீப் பத்தடி பின்னால் போனது. பிறகு நேராக அவன்மேல் ஏறிப் போனது. மேட்டுக் காப்பிச் சரிவில் இருந்து இதைப் பார்த்தவர் வெள்ளையன், தன் நிலத்துக்குப் போய்க்கொண்டிருந்த மலை விவசாயி. ஓட்டியவனையும் அவருக்குத் தெரியும். குணசேகரன், கடைவீதியில் வாடகை ஜீப் ஓட்டுகிறவன்.

வெள்ளையன் நிலையத்துக்குள் வந்து விழுந்தபோது சுவர்க்கடிகாரத்தில் 7.25. ஒரு காலில் செருப்பு இல்லை, பாதத்தில் முள். சொல்லி முடிக்க நான்கு நிமிடம் ஆனது. சப்-இன்ஸ்பெக்டர் விடுப்பில் இருந்தார். அய்யா சேலத்தில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். நிலையத்துக்கு அப்போது பொறுப்பு நான்தான். 7.30-க்கு ஜீப்பில் இரண்டு பேரை அனுப்பினேன். அதுவரை எல்லாம் சரி.

நிலையத்தில் பொது நாட்குறிப்பு என்று ஒரு தடித்த புத்தகம் உண்டு. யார் வந்தார், எத்தனை மணிக்கு வந்தார் என்று அந்தக் கணமே எழுத வேண்டும். நான் எழுதவில்லை. அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று இரண்டு வரி இடம் விட்டேன். பிறகு முதல் தகவல் அறிக்கைப் படிவத்தை எடுத்தேன். அதில் ஒரு கட்டம்: சம்பவ இடத்துக்கும் நிலையத்துக்கும் உள்ள தூரம். சுவரில் தூரப்பட்டியல் தொங்கியது. பத்தொன்பது ஆண்டுகளும் அதைப் பார்த்துத்தான் எழுதினேன். தலைச்சோலை சாலையில் செல்வராஜ் நின்ற திருப்பம், பதினொரு கிலோமீட்டர்.

அந்தக் கட்டத்தை நிரப்பிய பிறகுதான் எனக்குச் சங்கடம் வந்தது. 6.40-க்குச் சம்பவம். 7.25-க்கு வருகை. நாற்பத்தைந்து நிமிடத்தில் ஒரு மனிதன் பதினொரு கிலோமீட்டர் ஓட முடியுமா? வெள்ளையன் சாலையில் ஓடவில்லை. எஸ்டேட்டுக்குள் இறங்கி, ஓடை தாண்டி, ஒற்றையடிப் பாதையில் நான்கு கிலோமீட்டர் ஓடி வந்தார். மலையில் நடப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் வருவார்கள். ஆனால் எந்தப் படிவத்திலும் ஒற்றையடிப் பாதையை நாங்கள் எழுதியதில்லை. சேலத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு வக்கீல் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன கேட்பார் என்று யோசித்தேன். செல்வராஜைக் கொன்றவன் இந்த ஒரு கட்டத்தின் வழியாக நழுவிவிடுவான் என்று பயந்தேன். அந்தச் சாலையில் முதல் பஸ் 9.10-க்கு எங்கள் நிறுத்தத்துக்கு வரும். 'முதல் பஸ்ஸில் ஏறி, காலை 9.15 மணிக்கு நிலையம் வந்து' என்று எழுதினேன். நான்காவது வரி. நாட்குறிப்பில் விட்ட இடத்திலும் அதே நேரத்தை எழுதினேன். கணக்கு ஒத்துப்போனது.

எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. படித்துக் காட்டினேன்.

"பஸ்ஸுங்களா?" என்றார் வெள்ளையன். "ஓடியாந்தனுங்களே."

"தெரியுமுங்க. அது எழுத்துக்கு. கேசு நிக்கோணுமில்ல."

"ஓடியாந்தன்னு எழுதுனா நிக்காதுங்களா?"

"கையெழுத்துப் போடுங்க வெள்ளையன். அந்தப் பையன் அங்க கெடக்கறான்."

போட்டார். ஐந்து எழுத்து, அரை நிமிடம். பத்து மணி பஸ்ஸில் ஒரு கான்ஸ்டபிள் அந்த அறிக்கையை உறையிலிட்டு, சேலத்தில் மாஜிஸ்திரேட்டிடம் சேர்க்கக் கொண்டுபோனான்.

பன்னிரண்டு மணிக்கு மருத்துவமனையிலிருந்து குறிப்பு வந்தது. செல்வராஜின் உடலைக் காவலர் இருவர் கொண்டுவந்து சேர்த்த நேரம், காலை 8.20. அந்த இரண்டு பேரை அனுப்பியது நான். நிலையத்துக்குத் தகவலே 9.15-க்கு வந்தது என்றால், 8.20-க்கு அவர்கள் எப்படி உடலைத் தூக்கிக்கொண்டு போனார்கள்? ஐம்பத்தைந்து நிமிடம் இடித்தது. குறிப்பை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

அய்யா 12.40-க்கு வந்தார். தொப்பியை வைத்தார், சுடுதண்ணீர் குடித்தார், அறிக்கையின் நகலைக் கேட்டார். உதடு அசையப் படித்தார். நான்காவது வரிக்கு நேராகப் புள்ளி வைத்தார்.

"வெள்ளையன் எதுல வந்தாப்ல, ரைட்டர்?"

"பஸ்ஸுலங்கய்யா."

"நீங்க பாத்தீங்களா?"

"இங்க வந்து நிக்கறப்பப் பாத்தனுங்கய்யா."

பென்சில் காகிதத்தை விட்டு எழவில்லை. அவர் காத்திருந்தார். சட்டைப்பையில் குறிப்பு இருந்தது. அப்போது சொல்லியிருந்தால், நடந்த பிழையை விளக்கி அய்யா அன்று மாலையே மாஜிஸ்திரேட்டுக்கு எழுதியிருப்பார். எனக்கு ஒரு மெமோ, ஓராண்டு ஊதிய உயர்வு போயிருக்கும். அதற்குமேல் ஒன்றும் இல்லை. நான் சொல்லவில்லை. இரண்டாம் நாள் மருத்துவமனைக் குறிப்பைக் கொடுக்க வேண்டிவந்தபோது, ரோந்து போன ஜீப் தற்செயலாகப் பார்த்து உடலைத் தூக்கியது என்று சேர்த்துச் சொன்னேன். இன்று உயிரோடு இல்லாத அந்த இரண்டு கான்ஸ்டபிள்களும் செல்வராஜுக்காக ஆமாம் என்றார்கள். முதல் பொய்க்குத் துணையாக இரண்டாவது.

குணசேகரன் மூன்றாம் நாள் பிடிபட்டான். நிலையத்தில் பதினொரு பேர் இருந்தோம், பதினொரு பேரின் கையும் துறுதுறுத்தது. படத்தில் இந்த இடத்தில் பாட்டு வருகிறது. எங்கள் நிலையத்தில் நடந்தது வேறு. அய்யா அவனை லாக்கப்புக்குக் கொண்டுபோவதற்கு முன் மருத்துவரிடம் கொண்டுபோனார். உடம்பில் பழைய தழும்பு மூன்று, புதுக் காயம் எதுவும் இல்லை என்று சான்று வாங்கினார். அதைப் பசை தடவி லாக்கப் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

"மூணு இருக்குது. நாலாவதா ஒண்ணு வந்தா அதை எழுதப்போறது நான்" என்றார். கோர்ட்டுக்கு அனுப்பும் முன் சட்டையைக் கழற்றச் சொல்லி அவரே எண்ணிப் பார்த்தார். மூன்று.

அவன் உடம்பை எங்களிடமிருந்து அவர் காப்பாற்றியது, தண்டனை உறுதியாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான். அடிக்கத் துடித்தவர்களைவிட நான் மேலானவன் என்று அன்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. என் கை அவன்மேல் படவில்லை. என் அடி ஏற்கனவே காகிதத்தில் விழுந்திருந்தது.

விசாரணை இரண்டு வருடம் கழித்து சேலத்தில் நடந்தது. சாட்சி சொல்ல வந்த வெள்ளையனிடம் கோர்ட் வளாகத்து டீக்கடையில் வைத்துச் சொன்னேன்.

"பஸ்ஸுன்னே சொல்லிருங்க. மத்ததெல்லாம் நீங்க பாத்தது பாத்தபடி."

"சத்தியம் பண்ணச் சொல்லுவாங்களாமே."

"பண்ணுவாங்க."

"பண்ணிட்டுப் பஸ்ஸுன்னு எப்பிடீங்க ரைட்டரே சொல்றது? அந்த பஸ்ஸுல நான் அன்னிக்கி ஏறவே இல்லியே."

டீ குடிக்காமலே எழுந்து போனார். கூண்டில் ஏறினார். குணசேகரனைக் கைகாட்டி, ஜீப் பின்னால் போய் முன்னால் வந்ததை அப்படியே சொன்னார். பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார், நிலையத்துக்கு எப்படிப் போனீர்கள்.

"ஓடியாந்தனுங்க."

"எத்தனை மணிக்குப் போனீங்க?"

"ஏழரைக்கு எஸ்டேட்டுச் சங்கு ஊதறதுக்கு முந்தியே போயிட்டனுங்க."

"பஸ்ஸில் வந்ததா இதுல எழுதியிருக்கே?"

"அத ரைட்டரு எழுதினாருங்க."

அரசு வழக்கறிஞர் எழுந்தார். அறிக்கையில் உள்ளதற்கு மாறாகச் சொல்கிறார், பிறழ் சாட்சியாக அறிவிக்க வேண்டும் என்றார். உண்மையைச் சொன்ன ஒரே மனிதருக்கு அந்தப் பெயர் விழுந்தது. அடுத்து நான் கூண்டில் ஏறினேன். பஸ் என்றே சொன்னேன்.

தீர்ப்பு நாற்பத்தொரு பக்கம், ஆங்கிலத்தில். முப்பத்துமூன்றாம் பக்கத்தில் காரணம் இருந்தது. நிலையத்துக்கு முதலில் வந்த தகவலைக் காவலர்கள் மறைத்திருக்கிறார்கள், இடைப்பட்ட நேரத்தில் பெயர்கள் சேர்க்கப்பட்டிருக்கலாம், சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு. குணசேகரன் விடுதலை. மலையில் அந்தப் பக்கத்தை யாரும் படிக்கவில்லை. 'பிறழ் சாட்சி' என்ற சொல் மட்டும் மலையேறி வந்தது. அந்த வருடம் காப்பிக்கு நல்ல விலை. வெள்ளையன் வீட்டுக் கூரைக்குத் தகரம் போட்டார். அவர் பணம் வாங்கினார் என்பதற்குக் கடைவீதிக்கு அதற்குமேல் ஆதாரம் தேவைப்படவில்லை. நான் மறுத்துப் பேசவில்லை. அய்யா மாற்றலாகிப் போகும்போது என் மேசைக்கு வந்து அந்தப் பழைய நகலை வைத்துவிட்டுப் போனார். புள்ளி அழிக்கப்படாமல் இருந்தது. அவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன.

குணசேகரன் பிறகு கல்லீரல் கெட்டு, ஓமலூர்ப் பக்கம் தங்கை வீட்டில் செத்தான். பழி தீர்க்க ஆளும் இல்லாமல் போயிற்று.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இந்தப் படத்தின் இயக்குநர் மலைக்கு வந்து லாட்ஜில் தங்கினார். உண்மைச் சம்பவம் வேண்டும் என்று கடைவீதியில் விசாரித்து என்னிடம் வந்தார். நான்கு மாலை பேசினோம். ஜீப்பைச் சொன்னேன், மூடுபனியைச் சொன்னேன், தழும்புச் சான்றைச் சொன்னேன். அவர் நல்ல கேள்வி ஒன்றே ஒன்று கேட்டார்.

"சாட்சி ஏன் சார் மாறினான்?"

"அதெல்லாம் நடக்கறதுதான் தம்பி" என்றேன்.

அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எந்த இயக்குநரும் வேறு எந்தப் படத்தை எடுத்திருக்க முடியும்? தழும்புச் சான்று அவருக்குப் பயன்படவில்லை. பெட்டியைத் தானாகச் சேர்த்துக்கொண்டார்.

படம் பார்த்த எட்டாம் நாள் தலைச்சோலைப் பக்கம் போனேன். வெள்ளையன் வாசலில் மிளகுக் கொடிக்கு நடுவதற்காகக் குச்சி சீவிக்கொண்டிருந்தார். தகரக் கூரை துருப்பிடித்திருந்தது.

"வாங்க ரைட்டரே. என்னயச் சுட்டுப்போட்டாங்களாமே" என்றார். "மருமவ செல்போன்ல காமிச்சுது. மாடி ஊடெல்லாம் கட்டிக் குடுத்து அப்பறம் சுட்டிருக்கறாங்க. மொதல்ல ஊட்ட இங்கக் கட்டிக் குடுத்திருக்கலாமுங்க."

நான் உட்கார்ந்து, நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். அவர் சீவுவதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியாததா சொல்றீங்க" என்றார் கடைசியில். "பஸ்ஸுன்னு படிச்சுக் காமிச்சப்பவே தெரியுமுங்க."

"ஏன் யாருகிட்டயும் சொல்லலீங்க?"

"சொல்லாம என்னுங்க. நொம்பப் பேருகிட்டச் சொன்னன். வெள்ளையன் சொல்லி ஆரு கேக்கறாங்க? எழுதுனவங்க சொன்னாத்தானுங்க அது செல்லும்." கத்தியைக் கீழே வைத்தார். "ஊருக்கு அப்பறம் சொல்லுங்க. மொதல்ல செத்தவன் பொஞ்சாதிகிட்டச் சொல்லுங்க. சந்தையில என்னயப் பாத்தா அந்தம்மா மூஞ்சியத் திருப்பிக்குது. எத்தன வருசமுங்க? நீங்கதான் எண்ணுவீங்களே."

சரோஜாவுக்குக் கணவன் இறந்ததற்காக ஓர் அலுவலகத்தில் வேலை கொடுத்தார்கள். சேலத்தில் சொந்த வீடு. மகன் வினோத்துக்கு இப்போது இருபத்துநான்கு. தை மாதம் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அப்பா இடத்தில் நின்று நடத்திவைக்க வேண்டும் என்று என்னைத்தான் கேட்டிருந்தாள். மாதம் ஒருமுறையாவது அந்த வீட்டில் சாப்பிடுவேன். வினோத் என்னைப் பெரியப்பா என்பான். அய்யாவிடம் பேசாமல் நின்றபோது எனக்குப் போகக்கூடியது ஓராண்டு ஊதிய உயர்வு. இப்போது போகக்கூடியது இது. பதினாறு நாள் தள்ளிப்போட்டேன். கல்யாணம் முடிந்து சொல்லலாமா என்றும் யோசித்தேன். அதற்குள் வெள்ளையனைச் சுடும் அந்தத் துண்டுக் காட்சி இன்னும் எத்தனை செல்போனுக்குப் போகும் என்று எண்ண முடியவில்லை.

டிசம்பர் 3, புதன்கிழமை மாலை, அவள் வீட்டுக் கூடத்தில் சொன்னேன். பதினொரு நிமிடம் பேசினேன்.

"எந்த எடத்துலண்ணா பஸ்ஸுன்னு எழுதுனீங்க?"

"நாலாவது வரிம்மா."

"அய்யா கேட்டாங்களா?"

"கேட்டாரு."

"அப்பவும் பஸ்ஸுன்னீங்க."

"ஆமா."

"அந்த வெள்ளையன் சம்சாரம் செத்தப்ப எனக்குச் சேதி வந்துச்சு. நல்லா வேணும்னு நெனச்சேன்" என்றாள். பிறகு எழுந்து, "காப்பி ஆறுது, குடிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். குடித்தேன். அவள் திரும்பி வரவில்லை. கதவை நானே சாத்திக்கொண்டு வந்தேன்.

சட்டப்படி எனக்கு என்ன ஆகும் என்று ஒரு வக்கீலிடம் விசாரித்தேன். இத்தனை காலம் கடந்ததற்கு ஓய்வூதியத்தில் கை வைக்க மாட்டார்கள் என்றார். ஆகவே இதை எழுதுவதில் வீரம் ஒன்றும் இல்லை.

கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. முன்பு முதல் பத்திரிகையை நேரில் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தாள். போகலாமா என்று நான்கு நாள் யோசித்துவிட்டுப் போனேன். மண்டபத்தில் முன்வரிசையில், மடிப்புக் கலையாத வேட்டியில் வெள்ளையன் உட்கார்ந்திருந்தார். சரோஜா மலையேறி வந்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, தெருவே பார்க்க அவரை அழைத்ததாகப் பாய் சொன்னார். பாயும் வந்திருந்தார். இருபது வருடமாக வெள்ளையனிடம் பேசாதவர், அன்று அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி விலை பேசிக்கொண்டிருந்தார்.

சரோஜா என்னைப் பார்த்துக் கைகூப்பினாள். "வாங்கண்ணா, சாப்புடுங்க" என்றாள். எல்லோரிடமும் சொன்ன அதே குரல். வினோத் மேடையிலிருந்து தலையசைத்தான். தாலி கட்டும்போது அவனுக்குப் பக்கத்தில் அவன் தாய்மாமன் நின்றார்.

சாப்பிட்டுவிட்டு மொய் எழுதும் மேசைக்குப் போனேன். எங்கள் பக்கம் மொய் நோட்டில் பேர் ஏறினால்தான் உறவு. நாளைக்கு நம் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் திருப்பி எழுதுவார்கள். எழுதாதவன் வெறுமனே சாப்பிட வந்தவன். எனக்கு முன்னால் வெள்ளையன் ஐந்நூற்றொன்று எழுதினார். தாய்மாமன் அவர் பேரையும் ஊரையும் உரக்கச் சொல்லி எழுதிக்கொண்டார். நான் கவரை நீட்டினேன். அவர் பேனாவை மூடி நோட்டின்மேல் வைத்தார்.

"உங்ககிட்ட வாங்க வேண்டாம்னு அக்கா சொல்லியிருக்குதுங்க. தப்பா எடுத்துக்காதீங்க. சாப்புட்டீங்களா?"

"சாப்பிட்டனுங்க."

"அப்ப பாத்துப் போங்க."

எனக்குப் பின்னால் ஆறு பேர் நின்றார்கள். விலகிக்கொண்டேன். பஸ்ஸில் உட்கார்ந்து, முதல் வளைவு வருவதற்கு முன் கவரைப் பிரித்து எண்ணிப் பார்த்தேன். ஐயாயிரத்து ஒன்று. சரியாக இருந்தது.